ஆசிரியர் வேலை தேடுவோருக்கு: வர்த்தமானி அறிவித்தல் வருமுன் செய்ய வேண்டியவை

மீள்குடியேறிய கிராமமொன்றில் பாடசாலை திரும்பவும் இயங்கத் தொடங்கும்போது கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் படிப்பிக்க ஆளில்லை என்ற குறையே முதலில் காதில் விழும். அதே கிராமத்தில், முகாமில் தறப்பாள் கொட்டிலின் கீழ் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவரோ, தமிழ்நாட்டில் பட்டம் முடித்து வந்த ஒருவரோ வேலையில்லாமல் வீட்டில் இருப்பார். அவருக்கும் அந்த வகுப்பறைக்கும் இடையில் பெரும்பாலும் நிற்பவை ஆவணங்களே. அவற்றை எப்போது, எந்த ஒழுங்கில் தேடுவது என்பதை இந்தப் பகுதி விளக்குகிறது.

முதலில் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். அரச ஆசிரியர் பதவிக்கான அறிவித்தல்களில், விண்ணப்ப முடிவுத் திகதியன்று சகல தகைமைகளும் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கும். அறிவித்தல் வெளியான நாளுக்கும் முடிவுத் திகதிக்கும் இடையில் சில வாரங்களே இருக்கும். வெளிநாட்டுப் பட்டத்தை உறுதிப்படுத்தவோ, தொலைந்த பிறப்புச் சான்றிதழை எடுக்கவோ மாதக்கணக்கில் செல்லலாம். "அறிவித்தல் வரட்டும், பிறகு பார்ப்போம்" என்று இருப்பவர் தகுதி இருந்தும் அந்தச் சுற்றைத் தவறவிடுவார். அடுத்த சுற்று வரும்போது வயதெல்லை தாண்டியிருக்கவும் கூடும். பட்டதாரிகளுக்கான வயதெல்லை 35, 40, 45 என அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறி வந்துள்ளது. சென்ற முறை இருந்த எல்லையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நியமிப்பவர் யார்?

அரச பாடசாலைகள் இரண்டு வகைப்படும். தேசிய பாடசாலைகள் பத்தரமுல்லையிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் வருவன. ஏனையவை மாகாணப் பாடசாலைகள். வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான கிராமப் பாடசாலைகள் இவையே. மாகாணப் பாடசாலைக்கான ஆசிரியர் நியமனம் அந்தந்த மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின் அதிகாரத்துக்கு உட்பட்டது. அதிபரோ, வலயக் கல்விப் பணிப்பாளரோ, பிரதேச செயலாளரோ உங்களுக்கு நிரந்தர நியமனம் வழங்க முடியாது. அவர்கள் வழங்கக்கூடியது உறுதிப்படுத்தலும் தகவலும் மட்டுமே. வேலை எடுத்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவர் யாராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். பதவி வெற்றிடங்களும் பரீட்சைகளும் அதன் பகுதி I, தொகுதி (IIஅ) இல் இடம்பெறும். மாகாண அறிவித்தல்களைத் தமிழ்ப் பத்திரிகைகளிலும் மாகாண சபையின் இணையத்தளத்திலும் காணலாம். இணைய வசதி இல்லாதவர்கள் வாரத்துக்கு ஒருமுறை கோட்டக் கல்வி அலுவலகத்தின் அறிவித்தல் பலகையையோ பொதுநூலகத்தையோ பார்ப்பது நல்லது. சனசமூக நிலையத்தில் பத்திரிகை எடுப்பவர்கள் இருந்தால், இத்தகைய அறிவித்தலை வெட்டி ஒட்டி வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே செல்லும் வழிகள்

க.பொ.த. உயர்தரம் சித்தியடைந்த இளம் வயதினருக்குத் தேசிய கல்வியியற் கல்லூரியே நேரான வழி. மூன்று ஆண்டுப் பயிற்சியில் முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிப் படிப்பதும் மூன்றாவது ஆண்டு பாடசாலையில் உள்ளகப் பயிற்சியும் அடங்கும். யாழ்ப்பாணத்தவருக்குக் கோப்பாயிலும், வன்னியில் வவுனியாவிலும், கிழக்கில் மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை ஆகிய இடங்களிலும் தமிழ்மொழிக் கல்லூரிகள் உள்ளன. டிப்ளோமாவை முடித்தவர்களுக்கு ஆசிரியர் சேவையில் நியமனம் வழங்கப்படும். அனுமதிக்கு வயதெல்லை உண்டு; அது குறைவானது. ஆகவே பிள்ளைக்கு உயர்தரப் பெறுபேறு கிடைத்த உடனேயே இதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

பட்டதாரிகள் போட்டிப் பரீட்சை, நேர்முகப் பரீட்சை ஆகியவற்றின் மூலம் சேர்க்கப்படுகின்றனர். பட்டம் மட்டும் உள்ளவர் சேர்ந்த பின்னர் கல்வியியல் பட்டப்பின் டிப்ளோமாவைப் படிக்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், திறந்த பல்கலைக்கழகம், தேசிய கல்வி நிறுவகம் என்பன இதை நடத்துகின்றன. உயர் தேசிய ஆங்கில டிப்ளோமா முடித்தோரை ஆங்கில ஆசிரியர்களாகச் சில அறிவித்தல்கள் அழைத்துள்ளன. கோப்பாய், மட்டக்களப்பு போன்ற ஆசிரியர் கலாசாலைகள் வேறு வகையானவை. அவை ஏற்கெனவே நியமனம் பெற்ற, பயிற்றப்படாத ஆசிரியர்களுக்கானவை. வெளியிலிருந்து நேரடியாக விண்ணப்பித்து உட்செல்ல முடியாது. பலரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

தொலைந்த சான்றிதழ்கள்

வன்னியில் பெட்டியோடு போன சான்றிதழ் போனதுதான், ஆனால் அதிலுள்ள பதிவு போகவில்லை. சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகள் பத்தரமுல்லை, பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்தில் இருக்கின்றன. பரீட்சை ஆண்டும் சுட்டெண்ணும் தெரிந்தால் பெறுபேற்றுச் சான்றிதழை மீண்டும் பெறலாம். சுட்டெண் மறந்துவிட்டால், அதே மண்டபத்தில் உங்களுக்கு முன்னும் பின்னும் இருந்து எழுதிய நண்பர்களின் எண்களைக் கேட்டுப் பாருங்கள். பாடசாலையிலோ வலயக் கல்விப் பணிமனையிலோ பெறுபேற்று அட்டவணை எஞ்சியிருக்கவும் கூடும்.

பிறப்புச் சான்றிதழுக்குப் பிறந்த இடம் அமைந்த பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். பதிவேடு கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரிக்கலாம். அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் ஊடாகச் செல்ல வேண்டும். நடமாடும் சேவை உங்கள் பிரதேசத்துக்கு வரும் நாளில் இவற்றில் பலவற்றை ஒரே இடத்தில் தொடங்கிவைக்கலாம். அன்றைய கூலியை இழந்தாவது அங்கு செல்வது, பின்னர் நான்கு தடவை பட்டணத்துக்குப் பஸ் ஏறுவதை விட இலாபமானது.

வதிவிடம் தனியாகக் கவனிக்க வேண்டிய விடயம். மாகாண அறிவித்தல்களிலும் கல்வியியற் கல்லூரி அனுமதியிலும் நிரந்தர வதிவிடத்துக்கான அத்தாட்சி கேட்கப்படும். பெரும்பாலும் விண்ணப்பத்துக்கு முந்திய மூன்று ஆண்டுகள் பார்க்கப்படும். திரும்பி வந்த கிழமையிலேயே கிராம அலுவலரிடம் குடும்பத்தைப் பதியுங்கள். ஒவ்வோர் ஆண்டும் வாக்காளர் இடாப்புத் திருத்தத்தின்போது வயது வந்த அனைவரின் பெயரும் சேர்க்கப்பட்டதா என்று பாருங்கள். வீடு முடியவில்லை என்பதற்காகப் பதிவைப் பிற்போட வேண்டாம். அந்த மூன்று ஆண்டுகள் எப்போது தொடங்கின என்பதற்கு இந்தப் பதிவுகளே சாட்சி.

தமிழ்நாட்டில் படித்தவர்கள்

இங்கேதான் அதிக சிக்கல். பட்டம் பெற்றவர்கள், அதை வழங்கிய பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டது என்ற கடிதத்தை இலங்கைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமிருந்து பெற வேண்டும். அங்கு பார்க்கப்படுவது நீங்கள் படித்த கல்லூரியின் பெயரல்ல. கல்லூரி இணைந்திருந்த பல்கலைக்கழகத்தின் பெயரை, உதாரணமாக மதுரை காமராசர், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார் என்பவற்றுள் எதுவோ அதை, விண்ணப்பத்தில் எழுதுங்கள். தொலைதூரக் கல்வியில் படித்தவர்கள் அதைக் குறிப்பிட்டே விண்ணப்பிக்க வேண்டும். மறைத்தால் நேர்முகத்தில் வெளிவரும்.

பலர் தற்காலிகச் சான்றிதழோடு வந்துவிடுகிறார்கள். கட்டணப் பாக்கியினாலோ, பட்டமளிப்பு விழாவுக்கு முன்னரே புறப்பட்டதனாலோ மூலப் பட்டச் சான்றிதழ் அங்கேயே நின்றுவிடுகிறது. நாடு திரும்ப ஆயத்தமாகும் உறவினர் இன்னும் அங்கே இருந்தால் உடனே சொல்லியனுப்புங்கள்: மூலப் பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவங்களுக்குமான மதிப்பெண் பட்டியல்கள், பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள், பாடசாலை மாற்றுச் சான்றிதழ். இவற்றை அங்குள்ள அரச அலுவலகங்களிலும் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்திலும் உறுதிப்படுத்திக்கொண்டு புறப்படுவது, இங்கே வந்தபின் தபாலில் அலைவதை விடப் பல மடங்கு இலகு.

பெயரையும் பாருங்கள். இங்கே பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். அங்கே பாடசாலையில் அது ஒற்றை எழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். விண்ணப்பத்தைச் சரிபார்க்கும் எழுதுவினைஞருக்கு இவை இரண்டு வேறு ஆட்கள். இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற சத்தியக் கடதாசியைச் சமாதான நீதவான் முன்னிலையில் முடித்து, எல்லா ஆவணங்களுடனும் ஒரு பிரதி வையுங்கள். பிறந்த திகதியே வேறுபட்டிருந்தால் சத்தியக் கடதாசி போதாது. பதிவாளரின் ஆலோசனையைப் பெறுங்கள்.

இந்தியாவில் பிறந்த பிள்ளைகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னர் பிரஜாவுரிமை தேவை. ஆசிரியர் சேவைக்கு இலங்கைப் பிரஜையாக இருப்பது கட்டாயம். தாய் அல்லது தந்தை இலங்கையராக இருந்தால் வம்சாவளிப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். பிறப்பைக் கொன்சியூலர் பிரிவில் பதியத் தவறியவர்களும் தாமதித்துப் பதியலாம்.

பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் படித்து வந்தவர்களுக்கு எமது ஆலோசனை ஒன்று உண்டு. உள்ளூர் அறிவித்தல்கள் பெரும்பாலும் க.பொ.த. என்றே கேட்கின்றன. சமமான தகைமை என்று வாதாடிக் காலம் கழிப்பதை விட, தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரணதரமும் உயர்தரமும் எழுதுவது கசப்பானதாயினும் உறுதியான வழி. ஏற்கெனவே படித்ததைத் திரும்பவும் எழுதுவதா என்ற மனக்குறை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சான்றிதழ் கையிலிருந்தால் ஆசிரியர் வேலைக்கு மட்டுமன்றி எந்த அரச வேலைக்கும் எவரும் கேள்வி எழுப்பமாட்டார்கள்.

தொண்டர் ஆசிரியர்கள்

வடக்கிலும் கிழக்கிலும் ஆண்டுக்கணக்காகச் சம்பளமின்றிப் படிப்பித்த தொண்டர் ஆசிரியர்கள் பல கட்டங்களில் நியமனத்துக்கு அழைக்கப்பட்டுள்ளனர். அந்த நேர்முகங்களில் கேட்கப்பட்டவை பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகப் பதிவும் வரவுப் பதிவேடும். அதிபரின் கடிதம் துணைச் சான்று மட்டுமே.

2008, 2009 இல் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகள் இடத்துக்கு இடம் பெயர்ந்தபோது இப்பதிவேடுகள் பல அழிந்தன. அக்காலச் சேவையை நிரூபிக்க வேண்டியவர்கள் சிறு துண்டுகளையும் சேர்க்க வேண்டும்: வகுப்பாசிரியராக உங்கள் கையொப்பம் உள்ள மாணவர் தேர்ச்சி அறிக்கை, வலயம் நடத்திய பயிலரங்கின் சான்றிதழ், பரீட்சைக் கடமைக் கடிதம், தொண்டு நிறுவனம் ஊக்குவிப்புத் தொகை வழங்கிய பற்றுச்சீட்டு. செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் படிப்பித்தவர்கள் வவுனியா தெற்கு வலயக் கல்விப் பணிமனையில் எழுத்துமூலம் விசாரிக்கலாம். அன்றைய அதிபர் ஓய்வுபெற்றிருந்தால் அவருடைய கடிதத்தில் கோட்டக் கல்விப் பணிப்பாளரின் மேலொப்பமும் இருப்பது நல்லது.

இன்று தொண்டராகச் சேருபவர் முதல் நாளிலேயே சம்பவத்திரட்டில் தனது பெயர் பதியப்பட்டதை நேரில் பார்த்து, அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை வீட்டில் வைத்திருக்க வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அதிபரை நம்பாததாக அது ஆகாது. பின்திகதியிட்டுப் பெயர் சேர்த்துத் தருவதாக யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மையும் கையெழுத்தும் காட்டிக்கொடுக்கும். அப்போது உண்மையாக உழைத்தவர்களின் பெயர்களும் சேர்த்தே சந்தேகத்துக்குள்ளாகும்.

இடம்பெயருமுன் நிரந்தர ஆசிரியராக இருந்து, கடமைக்குத் திரும்பாததால் பதவி வெறிதாக்கல் அறிவித்தல் பெற்றவர்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அல்லர். அவர்களுடைய மேன்முறையீடு மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குரியது. நியமனக் கடிதம், இறுதிச் சம்பளப் பட்டியல், அகதிப் பதிவு அட்டை ஆகியவற்றை இணைத்து எழுதுங்கள்.

காத்திருக்கும் காலம்

முன்பள்ளி, தனியார் கல்வி நிலையம், சர்வதேச பாடசாலை என்பன ஆசிரியர் சேவைக்கு வெளியே உள்ளவை. அங்கு வருமானம் உண்டு. ஆனால் அந்த ஆண்டுகள் அரச பாடசாலைத் தொண்டர் சேவையாகக் கணிக்கப்படுவதில்லை. முன்பள்ளிக்குச் செல்ல விரும்புவோர் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் தரும் பயிற்சியா என்று பார்த்துச் சேரட்டும். "ஆசிரியர் டிப்ளோமா" என்று விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை எந்த வர்த்தமானி அறிவித்தல் ஏற்றுக்கொள்கிறது என்று காட்டும்படி கேளுங்கள்.

நேர்முகத்துக்கு மூலப்பிரதிகளைக் கொண்டுசெல்லும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிழற்பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப்பிரதியை எந்த அலுவலகத்திலும் பற்றுச்சீட்டு இல்லாமல் விட்டுவர வேண்டாம். மழைக்காலத்தில் தற்காலிக வீட்டில் இருப்பவர்கள் அவற்றை இறுக்கமான பிளாஸ்ரிக் உறையில் இட்டு, நிலத்தில் வைக்காமல் வளையில் கட்டித் தொங்கவிடுங்கள்.