காலி வண்டி ஏன் குதிக்கிறது? பிக்கப் வைத்திருக்கும் உழவருக்கு ஒரு பாடம்



மண், விதை, பூச்சி விரட்டி, மூடாக்கு என்று நாம் நிறையப் பேசிவிட்டோம். விளைந்ததைக் கடை வரைக்கும் கொண்டுபோகிற வண்டியைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. நானும் பேசாதவன்தான். வங்கியில் இருந்தபோது எத்தனையோ மினி லாரிக்கும் டிராக்டருக்கும் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு வண்டியின் அடியில் குனிந்து பார்த்தது ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்த பிறகுதான். அதுவும் அடிபட்ட பிறகுதான்.

குன்றத்தூரிலிருந்து சோமங்கலம் போகிற பக்கம் எனக்கு இரண்டரை ஏக்கர். தக்காளி, கத்தரி, வெண்டை, கீரை, கொஞ்சம் பாரம்பரிய நெல். மூன்று வருடத்துக்கு முன்னால் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. பின்பக்கம் பட்டை வைத்த எல்லா வண்டிக்கும் நான் சொல்லப்போவது பொருந்தும். வாரத்தில் மூன்று நாள் அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் வழியாகத் தாம்பரம் போய், இயற்கை அங்காடிகளுக்குக் காய் இறக்கிவிட்டு வருவேன்.

வாங்கிய நாளிலிருந்தே பின்பக்கம் குதிக்கும். வேகத்தடையில் ஏறி இறங்கினால் இரண்டு மூன்று முறை துள்ளிவிட்டுத்தான் அடங்கும். "பிக்கப்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மழை நாள் காலை, காய் இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அனகாபுத்தூர் தாண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிற நேரத்தில், சைக்கிளில் ஒரு பள்ளிக்கூடப் பையன் குறுக்கே வந்தான். பிரேக் அடித்தேன். முன்பக்கம் நின்றது, பின்பக்கம் நிற்கவில்லை. வண்டியின் வால் அப்படியே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், பையனுக்கு இரண்டு முழம் தள்ளி நின்றது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். எனக்குக் கை நடுக்கம் நிற்கப் பத்து நிமிடம் ஆனது.

கணக்கு நோட்டு சொன்னது

வங்கிக்காரன் புத்தி, எதையும் நோட்டில் எழுதி வைப்பேன். அன்று இரவு பழைய நோட்டைப் புரட்டினேன். முப்பது பெட்டி ஏற்றிப்போன நாட்களில் கடைக்காரர் "நசுங்கிடுச்சு" என்று திருப்பித் தந்த தக்காளி ஒரு பெட்டி, மிஞ்சினால் ஒன்றரை. எட்டுப் பெட்டி, பத்துப் பெட்டி ஏற்றிப்போன நாட்களில் இரண்டு பெட்டி திரும்பியிருக்கிறது. பாரம் அதிகமானால் அடிபடும் என்றுதான் நினைத்திருந்தேன். நோட்டு தலைகீழாகச் சொன்னது. பாரம் குறைந்த நாளில்தான் காய் அதிகம் அடிபட்டிருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் நான் செய்த முதல் காரியம் தப்பான காரியம். ஒரு பட்டறையில், "ஒரு பட்டை சேர்த்துட்டா வண்டி ஸ்ட்ராங் ஆயிடும்" என்றார்கள். சேர்த்தேன். அதன் பிறகு காலி வண்டி முன்பைவிட மோசமாகக் குதித்தது.

கட்டை வண்டியும் வில்வண்டியும்

பிறகு திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைப் பக்கம் நாற்பது வருடமாக லாரிப் பட்டை வேலை பார்க்கும் ஒரு பாயிடம் போனேன். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், நீங்க எவ்ளோ எடை ஏத்துறீங்க?"

"இருநூறு கிலோ, முந்நூறு கிலோ."

"இது ஒரு டன்னுக்குச் செஞ்ச பட்டை. அதுக்கு மேல இன்னொண்ணு வேற போட்டிருக்கீங்க. அப்புறம் குதிக்காம என்ன செய்யும்?"

விஷயம் இவ்வளவுதான். நம் ஊர்க் கட்டை வண்டிக்கு வில் கிடையாது. ஆட்களை ஏற்றிப்போகும் வில்வண்டிக்கு அடியில் இரும்புப் பட்டைகளை அடுக்கி வில் போல வளைத்து வைத்திருப்பார்கள். பிக்கப்பின் பின்பக்கம் இருப்பதும் அதே வில்தான். அந்த வில் எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும் என்பதை, ஆர்.சி.யில் எழுதியிருக்கும் முழு பாரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். முழு பாரத்தில் பட்டை அழுந்தி, பள்ளம் மேட்டை வாங்கிக்கொள்ளும். ஐந்தில் ஒரு பங்கு பாரத்தில் அது அழுந்தவே அழுந்தாது. பள்ளத்தில் விழுகிற அடி அப்படியே தொட்டிக்கும் பெட்டிக்கும் போகும்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே வில்லின் மேல் எடை குறைந்தால் ஆட்டம் வேகமாகும். பட்டை வைத்த லாரிகளின் தொட்டி வினாடிக்குச் சுமார் 2 முதல் 5 முறை மேலும் கீழும் ஆடும். பெட்டிக்குள் பழம் துள்ளித் துள்ளி ஒன்றோடொன்று உரசுவதற்கு இந்த ஆட்டம் போதும். பின்கதவை ஒட்டிய பெட்டியும், அடுக்கில் மேலே இருக்கும் பெட்டியும்தான் அதிகம் ஆடும்.

வில் துள்ளும். துள்ளலை அடக்குவது வில்லின் வேலையில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதில் கொஞ்சம் அடங்கும். மிச்சத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். உள்ளே எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகப் போய் வரும்போது துள்ளலின் வேகத்தைத் தின்றுவிடும். ஷாக் செத்துப்போனால், வேகத்தடையில் டயர் தரையை விட்டுக் கிளம்பிவிடும். தரையில் இல்லாத டயருக்குப் பிரேக்கும் இல்லை. அனகாபுத்தூரில் எனக்கு நடந்தது அதுதான்.

எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

பாய் சொல்லிக்கொடுத்த வரிசை இது. செலவில்லாதது முதலில், செலவானது கடைசியில்.

1. டயர் காற்று. பஞ்சர் கடையில் எப்போதும் "ஃபுல் லோடு காத்து" வைத்துவிடுவார்கள். காலி வண்டியில் அது பந்து போல எகிறும். ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணிலோ, வண்டியோடு வந்த புத்தகத்திலோ எவ்வளவு காற்று என்று இருக்கும். பல வண்டிகளில் பாரத்துக்கு ஒன்று, காலிக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்திருப்பார்கள். அதன்படி வையுங்கள், காலையில் டயர் சூடாகாத நேரத்தில் அளந்து பாருங்கள். கொடுத்த அளவுக்குக் கீழே மட்டும் இறக்க வேண்டாம். குறைந்த காற்றோடு பாரம் ஏற்றினால் டயர் சூடாகி வெடிக்கும்.

2. ஷாக் அப்சார்பர். உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தால் அது முடிந்த கதை. இரண்டு பேர் பின் பம்பரில் ஏறி நின்று ஆட்டிவிட்டுச் சட்டென்று இறங்குங்கள். ஒருமுறை ஏறி இறங்கி அடங்க வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷாக் பலவீனம். மேடு பள்ளச் சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டு ஷாக்கையும் பார்த்துத் தொடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று சில்லென்று இருந்தால் அது வேலை செய்யவில்லை. டயரில் அங்கங்கே குழி விழுந்த மாதிரி தேய்மானம் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

3. புஷ், பின், ஷேக்கிள். பட்டை அழுந்தும்போது அதன் நீளம் கூடும். அதற்கு இடம் கொடுப்பது பின்முனையில் இருக்கும் ஷேக்கிள். அது துருப்பிடித்து இறுகிவிட்டால் பட்டை இருந்தும் இல்லாத மாதிரி. கிரீஸ் நிப்பிள் இருந்தால் தவறாமல் கிரீஸ் அடியுங்கள். ரப்பர் புஷ் பிய்ந்திருந்தால் மாற்றுங்கள்.

4. பட்டைகள். துரு ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முழு அடுக்கும் ஒரே இரும்புக் கட்டை ஆகிவிடும். கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சில வண்டிகளில் பட்டைகளுக்கு நடுவே பிளாஸ்டிக் துண்டு வைத்திருப்பார்கள், அதற்குக் கிரீஸ் தேவையில்லை. யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, எந்தப் பட்டையாவது விரிசல் விட்டிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். யூ போல்ட்டைக் கழற்றி மாட்டினால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும்.

அடியில் படுத்துப் பார்ப்பவர்கள் வெறும் ஜாக்கியை நம்பி நுழையாதீர்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும்.

நம்மைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நாம் இந்த வண்டியிலேயே தொழு உரமும் கோமியமும் ஏற்றுகிறோம். தொட்டி இடுக்கில் வழிகிற கோமியம் இரும்பை அரித்துவிடும். என் வண்டியில் ஷேக்கிள் இறுகியதற்கு அதுதான் காரணம். உரம் ஏற்றிய அன்றே அடிப்பக்கம் வரை தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

பட்டை சேர்க்கலாமா, உருவலாமா?

என்னைப் போலச் சேர்க்கவும் வேண்டாம், மெத்தென்று போகட்டும் என்று உருவவும் வேண்டாம். பல பிக்கப்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த பிரேக் வால்வு ஒன்று இருக்கிறது. தொட்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்து, பின் சக்கரத்துக்கு எவ்வளவு பிரேக் என்று அது முடிவு செய்யும். பட்டை சேர்த்தால் பாரம் இருந்தாலும் தொட்டி தாழாது. காலி வண்டி என்று நினைத்து வால்வு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டையை உருவினால் கதை மாறும். கொஞ்சப் பாரத்திலேயே தொட்டி தாழும், பின் சக்கரத்துக்குத் தேவைக்கு மேல் பிரேக் போய் வழுக்கும். முழு பாரம் ஏற்றும் நாளில் மிச்சப் பட்டைகள் முறியவும் கூடும்.

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்கிறது. பட்டை சேர்த்ததால் ஆர்.சி.யில் உள்ள எடை ஒரு கிலோ கூட ஏறாது. அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 194-வது பிரிவில் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் இந்த மாதிரி மாற்றங்களைத்தான்.

பாரம் வைக்கிற முறை

கட்டை வண்டி ஓட்டிய பெரியவர்களுக்கு இது தெரியும். முன்பாரம் ஆனால் மாட்டின் கழுத்தை அழுத்தும், பின்பாரம் ஆனால் நுகத்தடியைத் தூக்கும். பிக்கப்பிலும் அப்படித்தான். இறக்க வசதி என்று நான் பத்துப் பெட்டியையும் பின்கதவை ஒட்டியே வைத்துவந்தேன். பின் அச்சுக்குப் பின்னால் போகும் எடை முன்பக்கத்தைத் தூக்கி, குதிப்பதையும் அதிகமாக்கும். இப்போது பெட்டிகளைக் கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் தாழ்வாக அடுக்கிக் கயிறு கட்டுகிறேன். அடியில் ஒரு பிடி வைக்கோல். தக்காளி கேபின் பக்கம், கீரை அதற்கு அடுத்து, பூசணி, சுரைக்காய் போன்ற கெட்டிக் காய்கள் பின்னால்.

அமிர்தக் கரைசல், ஜீவாமிர்தம் கொண்டுபோகும் 200 லிட்டர் டிரம்மைப் பாதி நிரப்பி ஏற்றாதீர்கள். உள்ளே கரைசல் அலைமோதி வண்டியின் ஆட்டத்தை இன்னும் கூட்டும். முழுக்க நிரப்புங்கள், இல்லையென்றால் சின்னக் கேனில் ஊற்றுங்கள்.

பாரம் குறைந்த நாட்களில் நூறு, நூற்றைம்பது கிலோ மண் மூட்டையை அச்சுக்குச் சற்று முன்னால் நகராதபடி கட்டிவைத்தாலே வித்தியாசம் தெரியும். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். அதனால் நான் வேறு வழி பார்த்தேன். ஒரே பக்கம் நிலம் உள்ள இரண்டு நண்பர்களோடு பேசி, மூன்று பேர் காயையும் ஒரே நடையில் கொண்டுபோகிறோம். திரும்பும்போது அங்காடிகளில் கழிக்கும் காய்கறிக் கழிவைச் சாக்கில் கட்டி ஏற்றி வருகிறேன். வண்டி குதிப்பதில்லை, உரக்குழிக்கும் தீனி கிடைக்கிறது.

முடிவில் என்ன ஆனது?

சேர்த்த பட்டையைக் கழற்றினேன். பின் ஷாக் இரண்டையும் மாற்றினேன். ஷேக்கிள் பின், புஷ் புதிது போட்டேன். டயர் காற்றைச் சரி செய்தேன். இதற்கான செலவை, கெட்டுப்போய்த் திரும்பிய தக்காளிக் கணக்குக்குப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். ஒரு பருவத்திலேயே ஈடாகிவிடும் தொகைதான். முன்பே செய்திருக்கலாம்.

வண்டி கார் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். பாரம் சுமக்கச் செய்த வண்டி காலியாக இருந்தால் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். இப்போது ஒரு துள்ளலில் அடங்குகிறது. காலி வண்டியில் மழை நாளில் நான் வேகம் கூட்டுவதில்லை. வேகத்தடைக்கு முன்பே பிரேக் அடித்து வேகத்தைக் குறைத்து, அதன் மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுகிறேன். தக்காளி திரும்பி வருவது அரைப் பெட்டிக்கு மேல் போவதில்லை.

நாளைக் காலை வண்டியை எடுக்கும் முன் இரண்டு பேர் பின் பம்பரில் ஏறி ஆட்டிப் பாருங்கள். ஒரு பைசா செலவில்லை. உங்கள் வண்டியில் என்ன தெரிந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று இந்த இதழுக்கு எழுதுங்கள். மற்றவர்களுக்கும் உதவும்.