பழைய பெட்ரோல் ஜீப்பில் பொறி வராவிட்டால்

வண்டன்மேட்டில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வண்டிக் கொட்டகைக்குள்ளும் ஈரம்தான். அங்கே ஒரு மாதம் சும்மா நின்ற பழைய பெட்ரோல் ஜீப்பை எடுக்கப் போனால், ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். இன்ஜின் மட்டும் பிடிக்காது. எனக்கும் அப்படி நேர்ந்தது. கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய் பறிக்க வந்த பெண்கள் சாலையோரம் காத்து நிற்க, நான் அவசரப்பட்டுப் புதுக் காயிலும் நான்கு பிளக்குகளும் வாங்கி மாட்டினேன். பயனில்லை. அந்த வீண் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன். (டீசல் ஜீப்பில் பிளக்குப் பொறியே கிடையாது, இந்தப் பாடம் அதற்குப் பொருந்தாது.)

பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலின் தடித்த கம்பிச் சுற்றில் ஓடுகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள பாயின்ட் திறக்கும் கணத்தில் அந்த ஓட்டம் அறுபடுகிறது. உடனே மெல்லிய சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, ரோட்டர் வழியாகப் பிளக்குக்குப் போகிறது. அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் 1910 வாக்கில் உருவாக்கிய முறை இது.

முதலில் கியரை நியூட்ரலில் போட்டு, கைபிரேக்கை இழுத்துவிடுங்கள். நம் ஊர்ச் சரிவு தெரிந்ததே. பெட்ரோல் எங்கும் கசியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். காயிலிலிருந்து வரும் நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, உலர்ந்த பிடியுள்ள குறட்டால் இன்ஜின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளிப் பிடித்து, ஒருவரை ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலப் பொறி பாய்ந்தால் காயில் நல்லது. குற்றம் மூடியிலோ, ரோட்டரிலோ, பிளக் வயரிலோதான். மூடியைக் கழற்றி உட்புறம் ஈரத்தைத் துடையுங்கள். பென்சில் கோடு போல் கரிக்கோடு தெரிந்தால் மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பொறி வரவில்லையா? காயிலை வாங்க ஓடாதீர்கள். சிறிய பல்பு ஒன்றில் இரண்டு வயர் இணைத்து, ஒன்றைக் காயிலில் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்து முனையிலும் மற்றதை இன்ஜின் இரும்பிலும் வையுங்கள். சாவியைப் போட்டு இன்ஜினைச் சுற்றினால் பல்பு எரிந்து எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் பாயின்ட் தொடவில்லை, அல்லது அழுக்கு. எரியவே இல்லையென்றால் காயிலின் மறுமுனையில் வைத்துப் பாருங்கள். அங்கும் இருட்டென்றால் சாவி, வயர், பேட்டரி முனை இவற்றைத் தேடவேண்டும். அங்கே மட்டும் எரிந்தால், பாயின்ட் திறக்கவில்லை, அல்லது அதன் வயரோ கண்டென்சரோ உடம்பில் தொட்டிருக்கிறது. காயிலின் உட்சுற்று அறுந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். பல்பு ஒழுங்காக மின்னியும் பொறியில்லையென்றால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். விலை குறைவு. காயிலைச் சந்தேகிப்பது அதற்குப் பிறகுதான்.

என் வண்டியில் பல்பு அணையவே இல்லை. பாயின்டின் இரு முகங்களிலும் சாம்பல் நிறப் படலம்! மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, சுத்தமான அட்டைத் துண்டை இடையே இழுத்து, இடைவெளியை 0.020 அங்குலத்துக்கு வைத்தேன். (வில்லிஸ் வகை நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கு அதுவே அளவு, உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.) இரண்டாம் சுற்றில் இன்ஜின் பிடித்தது. கழற்றிப் போட்ட பழைய காயிலை மாட்டிப் பார்த்தேன். அதிலும் நல்ல பொறி.