ஜீப்பின் நெற்றி விளக்கு

காட்டுவழி ஓட்டத்திற்கென வாங்கப்படும் ஜீப்புகளின் தலைமேல் இப்பொழுது நீண்ட விளக்கு ஒன்று குடியேறியிருப்பதைப் பெங்களூரில் எங்கும் காணலாம். கடைக்காரர் அதனை லைட் பார் என்பர். ஒரு முழத்திற்கு மேற்பட்ட அலுமினியப் பெட்டி. அதனுள் வரிசையாக எல்.இ.டி. விளக்குகள், ஒவ்வொன்றின் பின்னும் சிறியதொரு பரவளைவு ஆடி. அதனை வாங்குவோர் பலர் வாட் எத்தனை என்று கேட்கின்றனர். எந்தப் பக்கம், எத்தனை பாகை சாய்த்துப் பொருத்துவது என்று கேட்போர் மிகச் சிலர். தொம்மலூரில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நண்பர் ஒருவரின் ஜீப்பை வைத்து நான் அளந்து பார்த்தவற்றையும், அவற்றின் அடிப்படையையும் ஈண்டு எழுதுகிறேன். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணம் ஒன்றே போதும். வேறு கணிதம் வேண்டா.

முதலில் ஒளியின் இயல்பைக் காண்போம். தூரம் இரட்டித்தால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகும் என்பது நாம் அறிந்த விதி. 80 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு பாறையின் முகத்தில் 10 லக்ஸ் ஒளி விழச் செய்யும் விளக்கு, 8 மீட்டரில் நிற்பவர் முகத்தில் 1000 லக்ஸ் ஒளியை வீசும். முழுநிலவின் ஒளி ஒரு லக்ஸில் கால் பங்குதான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் கடுமை விளங்கும். ஓட்டுபவருக்குத் தொலைவில் தேவைப்படும் சிறிதளவு வெளிச்சம், எதிரே அண்மையில் வருபவருக்குப் பெருங்கொடுமையாகிவிடுகிறது.

இவ்விதியின் மற்றொரு பக்கத்தைப் பலர் நினைப்பதில்லை. வண்டிக்கு 10 மீட்டர் முன்னே தரை பளிச்சென்று ஒளிர்ந்தால் ஓட்டுபவருக்கு மனநிறைவு உண்டாகிறது; ‘நல்ல வெளிச்சம்’ என்கிறார். ஆனால் கண் அந்த அண்மை வெளிச்சத்திற்கே தன்னைப் பழக்கிக்கொள்ளும்; கண்மணி சுருங்கும். இருட்டுக்கு முழுமையாகப் பழகக் கண்ணுக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். அதனை இழப்பதற்கோ ஒரு நொடி போதும். ஆகவே அண்மையில் ஒளி மிகுந்தால், தொலைவில் உள்ள பள்ளம் முன்னைவிட இருண்டு தோன்றும். காசு கொடுத்துக் குருட்டை வாங்குவது என்று இதனைச் சொன்னால் மிகையாகாது.

அப்படியானால் ஒளி எத்துணைத் தொலைவு செல்ல வேண்டும்? வண்டியை நிறுத்தத் தேவைப்படும் தூரமே இதற்கு அளவுகோல். சரளை மண்ணில் உராய்வுக் கெழு 0.4 என்றும், ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி என்றும் கொள்வோம். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் 32 மீட்டர் வேண்டும், 60 கி.மீ. வேகத்தில் 60 மீட்டர், 80 கி.மீ. வேகத்தில் 96 மீட்டர். காட்டுப் பாதையில் 80 கி.மீ. வேகத்தில் செல்பவரைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை. எனினும் 90 மீட்டர் எட்டும் ஒளி எவருக்கும் போதுமானது என்பது இக்கணக்கால் பெறப்படும்.

இனிச் சாய்வு. ஒரு மீட்டர் முன்செல்ல ஒளி ஒரு செ.மீ. தாழ்ந்தால் அதனை 1% சாய்வு என்போம். நண்பரின் வண்டியில் முன் பம்பரின் மேல் பொருத்தினால் விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 0.9 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1% சாய்வு வைத்தால் ஒளிக்கற்றையின் மையம் 90 மீட்டரில் தரையைத் தொடும். கூரைமேல் வைத்தால் உயரம் 1.9 மீட்டர், 2% சாய்வில் 95 மீட்டர். எட்டும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. வேறுபாடு எங்கே என்றால், எதிரே வருபவரின் கண்ணில்.

மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர் உயரத்தில் உள்ளது எனக் கொள்க. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதியும் இதே உயரத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, வண்டியின் வலப்புற ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் கண்ணிருக்கும் எவரையும் கூசச் செய்யாதபடி ஒளி நிலையாகக் கீழ்நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும். பம்பர் விளக்கு அந்தக் கண்ணைவிடத் தாழ்ந்தது. அதன் ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு கீழ்நோக்கி இருக்குமாயின், சமதரையில் அது எந்தத் தொலைவிலும் கண்ணை எட்டாது. கூரை விளக்கோ கண்ணைவிட 0.4 மீட்டர் உயர்ந்தது. அங்கிருந்து தரைக்கு இறங்கும் ஒளி கண்ணின் உயரத்தைக் கடந்துதானே ஆகவேண்டும்? மேல்விளிம்பைக் கத்தியால் அறுத்ததுபோல் வெட்டி 2% சாய்த்தாலும், 20 மீட்டருக்குள் வரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது விழும். 8 மீட்டரில் உள்ள கண்ணைத் தப்பவிடச் சாய்வை 5% ஆக்கலாம். அப்பொழுது ஒளி 38 மீட்டரிலேயே தரையில் முடிந்துவிடும். பின் எதற்குக் கூரைமேல் ஏற்றினோம்?

இத்தனைக்கும் லைட் பாருக்கு அவ்வாறு அறுத்தெடுத்த மேல்விளிம்பு கிடையாது. வண்டியின் சொந்த முகவிளக்கில், லோ பீம் என்னும் தாழ்நிலையில், ஒளியின் மேற்பகுதி வெட்டப்பட்டிருக்கும். நாம் இடப்பக்கம் செல்வதால் இடப்புறம் மட்டும் சற்று ஏறியிருக்கும். பாரின் ஒளியோ நடுவிலிருந்து மேலும் கீழும் ஒரேமாதிரி விரியும். ஆதலின் எதிரே ஆள் வரக்கூடிய சாலையில் லைட் பாருக்குச் சரியான கோணம் என்று ஒன்று இல்லை என்பதே என் துணிபு. கண் கூசியவர் மீள இரண்டு நொடி என்று வைத்தாலும், 40 கி.மீ. வேகத்தில் அவர் 22 மீட்டர் தூரம் குருடராகச் செல்கிறார். தொம்மலூர் மேம்பாலத்தில் ஏறும்போது எதிர்த்தடத்தில் வரும் ஸ்கூட்டர்காரர் முகங்கோணித் தலையைத் திருப்புவதை எத்தனையோ இரவுகளில் கண்டிருக்கிறேன். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு நிமிர்வதால், சமதரையில் நல்லவிதமாக நடந்துகொண்ட விளக்கும் அங்கே நேரே கண்ணை நோக்கும்.

சட்டமும் இதனை விட்டுவைக்கவில்லை. மேற்சொன்ன விதிகளில் 111-ஆம் விதி, பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி, அதுவும் தனிப்பட்ட சூழ்நிலையிலன்றி, வண்டியின் முன்புறம் ஸ்பாட் லைட்டோ தேடுவிளக்கோ கொண்டுசெல்லலாகாது என்கிறது. உறைபோட்டு மூடிவிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை நம்மவரிடையே உலவுகிறது. எரிக்காதே என்று மட்டும் விதி சொல்லவில்லை, கொண்டுசெல்லாதே என்கிறது. 2024 ஜூலையில் கர்நாடகப் போலீசார் கண்கூசும் எல்.இ.டி. விளக்குகளுக்கு எதிராக மாநிலம் முழுதும் வழக்குப் பதியத் தொடங்கினர். ஆகவே நண்பருக்கு நான் சொன்ன யோசனை இது: இரண்டு திருகுகளில் கழலும் தாங்கியை பம்பரில் பொருத்துக, பாரைப் பெட்டியில் எடுத்துச் செல்க, தனியார் தோட்டத்திலோ போட்டித் திடலிலோ மாட்டிக்கொள்க. (காட்டில் இரவில் ஓட்டும் கனவும் பலருக்கு உண்டு. பண்டிப்பூர்க் காட்டு நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணிக்குமேல் போக்குவரத்துக்குத் தடை.)

இனிப் பொருத்தும் முறை. சக்கரங்களில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுபவர் தம் இருக்கையில் அமர, வழக்கமாக ஏற்றும் சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டும். இதனைச் சிலர் வீண்வேலை என்பர். முன் சக்கரத்திற்கும் பின் சக்கரத்திற்கும் இடையே 2.45 மீட்டர் உள்ள வண்டியில், பின்புறம் சுமையால் 5 செ.மீ. தாழ்ந்தால் மூக்கு 2% நிமிரும். 1% கீழ்நோக்கியிருந்த ஒளி 1% மேல்நோக்கிவிடும்! அடுத்து, சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துக. கீழ்த்தளங்களில் நீர் ஓடுவதற்காகத் தரையைச் சரித்திருப்பர். எனவே கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர் நிறைந்த பிளாஸ்டிக் குழாயைக் கொண்டு விளக்கின் மட்டத்தைச் சுவருக்குக் கொண்டுசெல்வதே நன்று. எங்கள் தளத்தில் அந்தத் தூரத்திற்குள் 6 செ.மீ. சரிவு இருந்தது, தரையிலிருந்து நாடாவால் மட்டும் அளந்திருந்தால் கணக்கு முழுதும் பாழாகியிருக்கும். அம்மட்டத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு, அதற்கு 7.5 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒளியின் மிகச் செறிந்த பகுதி கீழ்க்கோட்டில் அமையுமாறு தாங்கியைத் திருப்பி முடுக்குக. இது பம்பர் விளக்கிற்கு. தனி நிலத்தில் கூரைமேல் வைத்தே தீருவேன் என்பார்க்கு 15 செ.மீ.

கூரை விளக்கிற்கு இன்னும் இரண்டு குறைகள் உண்டு. பார் 1.9 மீட்டர் உயரத்திலும், அதற்கு 1.9 மீட்டர் முன்னே பானெட்டின் நுனி 1.1 மீட்டர் உயரத்திலும் இருந்தால், அந்நுனி விளக்கிற்கு ஏறத்தாழ 23 பாகை கீழே அமைகிறது. மேல்கீழாக 60 பாகை விரியும் ஒளி அதில் பட்டு ஓட்டுபவர் கண்ணுக்கே திரும்பும். 10 பாகை விரியும் ஒளி படாது. மற்றொன்று புழுதி. விளக்கு கண்ணுக்கு அருகே இருந்தால், புழுதியிலும் மூடுபனியிலும் சிதறிய ஒளி பார்வைக் கோட்டிலேயே திரும்பி வெள்ளைத் திரையாக நிற்கும். மூடுபனி விளக்குகளைத் தாழ வைப்பதற்குக் காரணம் இதுவே. மஞ்சள் தாள் ஒட்டினால் பனியை ஊடுருவும் என்பது முழு உண்மையன்று. பிரான்சில் 1930-களின் இறுதி முதல் 1993 வரை முகவிளக்குகள் மஞ்சளாகவே இருக்க வேண்டியிருந்தது. ஆயினும் பனித்துளி ஒளியலையைவிட மிகப் பெரிதாகையால் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிக்கும். மஞ்சளால் கண்ணுக்குக் கூச்சம் சற்றுக் குறையலாம், அவ்வளவே.

மின்இணைப்பைப் பற்றி ஒரு சொல். 120 வாட் பார், 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 10 ஆம்பியர் இழுக்கும். அதனைச் சுவிட்சு வழியே நேராகச் செலுத்தாமல் ரிலே வைத்து, பாட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் பியூஸ் இடுக. ரிலேயை இயக்கும் கம்பியை ஹை பீம் கம்பியிலிருந்து, தனியொரு சுவிட்சு வழியாக எடுத்தால், ஓட்டுபவர் முகவிளக்கைத் தாழ்த்திய கணமே பாரும் அணைந்துவிடும். எதிரே ஆள் வருகையில் கை இரண்டாவது சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. கடைகளில் இதனைக் கேட்டுச் செய்துகொள்பவர் அரியர், கேட்டால் மறுப்பாரில்லை.

கரடுமுரடான பாதையில் ஒருநாள் ஓடினால் தாங்கியின் திருகுகள் நெகிழும். நண்பரின் ஜீப் ஒரு வார இறுதிக்குப்பின் திரும்பியபோது ஒளி, கோட்டிலிருந்து நான்கு விரற்கடை மேலே ஏறியிருந்தது. சுவரிலுள்ள சுண்ணக்கட்டிக் கோடுகளை அழிக்க வேண்டாமென்று காவலாளியிடம் சொல்லிவைத்திருக்கிறோம்.