பழைய வண்டியில் 'டொக்' சத்தமா? முதலில் கிராஸைப் பாருங்க

விளைச்சலைச் சந்தைக்கு ஏற்றிப் போகும் பழைய ஜீப், பிக்கப் வண்டிகளில் கிளட்சை விடும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் அடியில் 'டொக்' என்று சத்தம் வரும். உடனே "கிரவுன் பினியன் போச்சு"ன்னு பெரிய செலவாச் சொல்லிடுவாங்க. என்ன பூச்சின்னு பார்க்காம மருந்தடிக்கிற கதைதான் இது. ஜாயின்ட் ஷாஃப்டில் இருக்கும் கிராஸை முதலில் சோதிக்கணும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. கியர் நியூட்ரலில் இருக்கட்டும். வெறும் ஜாக்கி தாங்கும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

1. கிராஸின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராக முறுக்குங்க. நடுவில் ஆட்டம் இருந்தால் கிராஸ் தேய்ந்திருக்கு. கப் ஓரத்தில் செந்துருப் பொடி தெரிந்தால், உள்ளே கிரீஸ் வற்றிப் போச்சு.

2. கிராஸில் ஆட்டமில்லை, ஆனால் ஷாஃப்ட் மொத்தமும் அதிகமாகத் திரும்புது என்றால்தான் ஹவுசிங்கைச் சந்தேகப்படணும். அங்கே சிறு ஆட்டம் இயல்பு.

3. யூ போல்ட், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் இரண்டையும் பாருங்க.

பள்ளத்தில் மட்டும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் ஸ்பிரிங் புஷ் அல்லது ஷாக் அப்சார்பர்.

ஷாஃப்டைக் கழற்றும் முன் இரு முனையிலும் பெயிண்டால் குறி போடச் சொல்லுங்க. மாற்றி மாட்டினால் வண்டி உதறும். நிப்பிள் உள்ள கிராஸ் என்றால், நாலு கப்பிலும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்கணும்.

ஆடும் கிராஸோடு சுமை ஏற்றாதீங்க. ஓட்டத்தில் அது உடைந்து ஷாஃப்டின் முன்முனை ரோட்டில் குத்தினால், வண்டியோடு ஆளுக்கும் ஆபத்து.