ஏடு தொடக்கிய பின்...

விஜயதசமி நாளில் எமது சிறார்களுக்கு ஏடு தொடக்குகின்றோம். தாம்பாளத்தில் பரப்பிய பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கின்றோம். ஆனால், மறுநாளே பிஞ்சுக் கையில் பென்சிலைத் திணித்து, கொப்பியின் பக்கம் நிறைய எழுதும்படி வற்புறுத்துவோரும் உளர். பிள்ளை எழுத்தை வெறுக்கத் தொடங்குவது இங்கேதான்.

முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியே அரிச்சுவடி பயின்றனர். 1907இல் ரோமாபுரியில் சிறுவர் இல்லம் தொடங்கிய மரியா மொண்டிசோரி அம்மையாரும், சொரசொரப்பான கடதாசியில் வெட்டிய எழுத்துக்களைப் பிள்ளைகள் விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகச் செய்தார். விரல் அறிந்த வடிவம் மனத்திலும் பதியும்.

தமிழின் 247 எழுத்துக்களையும் ஒருங்கே புகட்ட வேண்டியதில்லை. இலகுவான ட, ப, ம என்பவற்றில் தொடங்கலாம். புளியங்கொட்டைகளை அடுக்கி 'ட' அமைக்கட்டும். வலப்பக்கம் ஒரு கோடு ஏற்றினால் அதுவே 'ப' ஆகும். 'ம' மீது ஒரு கொட்டையைப் புள்ளியாக வைத்தால் 'ம்'. இனிப் படம், மடம், பட்டம் என்ற சொற்களைப் பிள்ளை தானே அமைத்து வாசிக்கும். கொட்டைகளை வாயில் போடாதவாறு பெரியோர் அருகிலிருத்தல் அவசியம்.

மாலையில் விளக்கேற்றிய பின் கால்மணி நேரம் இதற்குப் போதும். பிள்ளை சலிக்குமுன் நிறுத்திவிட வேண்டும். ஏடு தொடக்கல் ஒருநாட் சடங்கு. எழுத்தறிவித்தல் நாளாந்தக் கடமை. கலைமகள் திருவருள் துணை நிற்பதாக.