இறைச்சி போய் உருளை வந்தது

கேள்வி: ஹோட்டல் காலை பஃபேயில் ‘வெஜிடபிள் ஹாஷ்’ என்று ஒன்று வைக்கிறார்கள். பார்த்தால் நம் உருளைக்கிழங்கு வறுவல் மாதிரிதான் இருக்கிறது. இது எந்த ஊர்ச் சமாச்சாரம்? (ஈரோடு வாசகி)

பதில்: ஒரே ஊரைக் கைகாட்ட முடியாது. நேற்று மீந்ததைப் பொடியாக நறுக்கி இன்று சட்டியில் புரட்டுவது ஐரோப்பா முழுக்க இருந்த பழக்கம். பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் இங்கிலாந்துக்குப் போய் நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஆரம்பத்தில் ஹாஷ் என்றால் இறைச்சிதான். லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பெப்பீஸ், 1663 ஜனவரியில் தன் வீட்டில் வைத்த விருந்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிப்பி முடிந்ததும் இலைக்கு, மன்னிக்கவும், தட்டுக்கு வந்தவற்றில் ஒன்று முயல் ஹாஷ்!

உருளைக்கிழங்கு அப்போது ஐரோப்பாவுக்கு வந்து நூறாண்டுதான் ஆகியிருந்தது. ஆண்டீஸ் மலைக்காரர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டுத் தின்ற கிழங்கை ஸ்பானியர்கள் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். வந்த இடத்தில் வரவேற்பு இல்லை. தொழுநோய் வரும் என்று பயந்து பிரான்சில் 1748-இல் அதற்குத் தடையே போட்டார்கள். ப்ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது உருளையைத் தின்று உயிர் வாழ்ந்த பார்மாந்தியே என்ற மருந்தாளுநர், ஊர் திரும்பி அதற்காக வாதாடினார். 1772-இல் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர்கள் ‘சாப்பிடலாம்’ என்றார்கள். கொத்திய இறைச்சிமேல் மசித்த உருளையைப் பரப்பிச் சுடும் பண்டம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மலிவுச் சாப்பாட்டுக் கடைக்கு ‘ஹாஷ் ஹவுஸ்’ என்றே பெயர். உள்ளே என்ன கொத்திப் போட்டிருக்கிறார்கள் என்பது சமையல்காரருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம் என்ற ரீதியில் அந்தக் காலத்தில் ஏகப்பட்ட கிண்டல்.

காய்கறி ஹாஷில் ஆட்சியைப் பிடித்தது ஆரோக்கிய ஆசையால் அல்ல, தட்டுப்பாட்டால். ஹாஷ் போலவே மீந்ததைப் புரட்டிச் செய்யும் இங்கிலாந்தின் ‘பபிள் அண்ட் ஸ்குவீக்’ இதற்கு நல்ல சாட்சி. மரியா ரண்டெலின் 1806-ஆம் வருடச் சமையல் புத்தகத்தில் அது மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் மட்டுமே, உருளையே கிடையாது. 1940 மார்ச்சில் போர்க்கால ரேஷனுக்குள் வந்த இறைச்சி, 1954 ஜூலையில்தான் அதிலிருந்து விடுபட்டது. போர் நடந்தவரை உருளைக்கு ரேஷன் இல்லை. ‘பொட்டேட்டோ பீட்’ என்று ஒரு கார்ட்டூன் கிழங்கை வைத்து அரசாங்கமே விளம்பரம் செய்தது. அந்த ஒரு தலைமுறைக்குள் இறைச்சி காணாமல் போய், கோஸும் உருளையும் மட்டுமே அந்தப் பெயருக்குச் சொந்தமாகிவிட்டன.

கேள்வி: வீட்டில் செய்தால் குழைந்து கூழாகிறது, இல்லையென்றால் எண்ணெய் குடிக்கிறது. என்ன தப்பு? (அதே வாசகி)

பதில்: சுடச்சுட வேகவைத்து உடனே வறுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இது மீந்ததில் செய்த பண்டம் என்பதை மறக்கக் கூடாது. பழைய கிழங்குதான் இதற்கு ராசி! உருளையைத் தோலோடு, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே இறக்கி, ஆறவிட்டு, முடிந்தால் ஓர் இரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். வெந்தபோது இளகிய மாவுச்சத்து ஆறும்போது இறுகிவிடும், துண்டு உடையாது. அதில் ஒரு பங்கு சீக்கிரம் செரிக்காத மாவாகவும் மாறுகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதையே சாக்காக வைத்துத் தட்டை நிரப்ப வேண்டாம்.

அடுத்தது ஈரம். உருளையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். தண்ணீர் இருக்கும்வரை மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் ஏற 140 டிகிரியாவது வேண்டும். வாணலியை நிரப்பினால் கிழங்கு வறுபடாது, ஆவியில் வேகும். கனமான தோசைக்கல் நன்றாகக் காய்ந்ததும் இரண்டு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளை ஒரே அடுக்காகப் பரப்பிவிட்டு கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானே கல்லை விடும். அதற்கு முன் கரண்டி போட்டால் ஒட்டும், நீங்கள் மேலும் எண்ணெய் ஊற்றுவீர்கள்.

கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய் எல்லாவற்றையும் தனியாக வதக்கிக் கடைசியில் சேருங்கள். உப்பும் அப்போதுதான், முன்பே போட்டால் காய் நீர் விடும். காயும் கிழங்கும் சம எடை இருந்தால்தான் ‘வெஜிடபிள்’ என்ற பெயருக்கு நியாயம். ஹோட்டலில் பெரும்பாலும் பேருக்கு நாலு குடைமிளகாய்தான். மேலே மிளகுத்தூள், ஒரு முட்டை. ஸ்வீடன்காரர்கள் தங்கள் ஊர் ஹாஷான ‘பிட்டிபன்னா’வுக்கு முட்டையோடு ஊறுகாய் போட்ட பீட்ரூட்டும் வைப்பார்கள், நல்ல யோசனை.

கேள்வி: அப்படியானால் பச்சை உருளைக்கிழங்கையும் ஃபிரிட்ஜில் வைக்கலாமா? (கரூர் வாசகர்)

பதில்: கூடாது. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாகும். வறுக்கும்போது சட்டென்று கருகும், அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருளும் கூடும். வறுத்த, பொரித்த உணவில் அது இருப்பதை 2002-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள்தான் உலகுக்குச் சொன்னார்கள். இருட்டான, காற்றோட்டமுள்ள கூடை போதும். பச்சை நிறம் ஏறிய பகுதியை வெட்டி எறியுங்கள். முழுக்கப் பச்சையென்றால் கிழங்கையே எறியுங்கள்.