விரலின் ஹக்கு



கிள்ளானில் என் கடைக்கு அடுத்த தெருவில் தகடு வெட்டும் பட்டறை ஒன்று உண்டு. அங்கே வேலை பார்த்த ஒரு பிள்ளையின் வலக்கையில் இரண்டு விரல்கள் பிரஸ் யந்திரத்தில் போய்விட்டன. முதலாளி கெட்டவரல்லர். கிளினிக்கில் வைத்தியம் பார்த்து, ஐந்நூறு வெள்ளியும் கொடுத்தார். "சதகாவாகக் கொடுத்தேன்" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லைப் பற்றியதே இந்தப் பாடம்.

நம் ஃபிக்ஹு கிதாபுகளில் காயத்திற்கு ஈடு கூறும் பகுதி இருக்கிறது. ஓர் உயிருக்கு தியத் நூறு ஒட்டகம். ஒரு விரலுக்குப் பத்து. கட்டை விரலும் சுண்டு விரலும் இதில் சமம். ஆகவே பத்து விரல்களும் சேர்ந்தால் ஓர் உயிரின் ஈடு! இது ஒருவர் மற்றவருக்குச் செய்த காயம் பற்றிய சட்டம். யந்திர விபத்துக்கு இது எப்படிப் பொருந்தும் என்பதை ஆலிம்கள் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று நமக்கு விளங்குகிறது: விரலின் ஈடு, கொடுப்பவர் மனம்போல் அளக்கும் தர்மமன்று, இழந்தவரின் ஹக்கு.

இந்நாட்டுச் சட்டமும் அப்படியே சொல்கிறது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி பெர்க்கேசோ இந்த ஈட்டை வழங்குகிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முன்பு 1952ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. முறையான அனுமதியுடன் வேலை செய்பவர் 1-1-2019 முதல் பெர்க்கேசோவில் சேர்க்கப்பட்டார். வேலைக் காயத்துக்கான சந்தா முழுவதும் முதலாளியின் பொறுப்பு.

தொழிலாளிக்குக் கிடைப்பவை:

1. பெர்க்கேசோவின் பட்டியலிலுள்ள கிளினிக்கிலோ அரசாங்க ஆஸ்பத்திரியிலோ இலவச வைத்தியம்.

2. மருத்துவ விடுப்பு நான்கு நாளுக்குக் குறையாதிருந்தால், நாள் சம்பளத்தில் நூற்றுக்கு 80.

3. நிரந்தர ஊனத்தை மருத்துவக் குழு நூற்றுக்கு இத்தனை என்று கணிக்கும். 20க்கு மேற்படாவிட்டால் ஈட்டை ஒரே தொகையாகப் பெறலாம். மேற்பட்டால் ஐந்தில் ஒரு பங்கை அவ்வாறு பெற்று, மீதியை ஆயுள் முழுதும் மாதந்தோறும் பெறலாம்.

விபத்து தெரிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி பெர்க்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும்.

அந்த முதலாளி ஏன் அறிவிக்கவில்லை? "சந்தா கட்டவில்லையே, அகப்பட்டுக் கொள்வேனே" என்றார். சந்தா கட்டாதது அவர் குற்றம்; அதனால் தொழிலாளியின் ஈடு போய்விடாது. பெர்க்கேசோ முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளும். மறைத்தால், ஐந்நூறு வெள்ளியோடு அப்பிள்ளை ஊருக்குப் போய்விடுவான். அவனுக்கு வரவேண்டிய ஈடும் அதோடு போய்விடும். அந்தப் பொறுப்பு கியாமத் நாள்வரை யார் கழுத்தில் இருக்கும்?

ஈடு கொடுப்பதைவிட விரலைக் காப்பது மேல். பிரஸ் யந்திரத்திற்கு மறைப்புத் தகடு வேண்டும். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அமுக்கினால்தான் ஓடும்படி அமைப்பது நல்லது. துளையிடும் யந்திரத்தில் கையுறை கூடாது. அது சிக்கிக் கையையே இழுத்துவிடும். துடைக்கும்போதும் பழுது பார்க்கும்போதும் மின்சாரத்தை முழுதும் நிறுத்துங்கள். விரல் துண்டானால், அதைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, பையை ஐஸின்மேல் வையுங்கள். விரலில் ஐஸ் நேரே படக்கூடாது. காயத்தை அழுத்திப் பிடித்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

"நமக்குப் பட்டறை இல்லையே" என்று வியாபாரிகள் இருந்துவிட வேண்டாம். 1-6-2024 முதல் தொழில் பாதுகாப்புச் சட்டம் கடை, உணவகம் உட்பட ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் உரியது. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யுமிடத்தில், பாதுகாப்பைக் கவனிக்க ஒருவரை நியமிப்பது கடமை. இறைச்சி அரைக்கும் யந்திரத்திற்கும் விரல் ஒன்றுதான்.

அந்த முதலாளி ஒரு வாரம் கழித்து, பிள்ளையை அழைத்துக்கொண்டு பெர்க்கேசோவுக்குப் போனார். பாக்கிச் சந்தாவையும் கட்டினார். தாமதந்தான், ஆனாலும் ஹக்கு உரியவனைச் சேர்ந்தது.

வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம். இரத்தம் உலர்ந்த பின்னும் ஈட்டைத் தாமதிக்கலாமா? அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி பரக்கத் செய்வானாக. ஆமீன்.